அங்கிள் சாமின் இடுப்புச் சுற்றளவு: அமெரிக்க விரிவாக்கக் கார்ட்டூன்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1783-இல் மிசிசிப்பி ஆற்றோடு நின்றிருந்த அமெரிக்கா, 1848-இல் பசிபிக் கரையில் நன்றாகக் காலூன்றிவிட்டது. 1898-இல் ஸ்பெயினோடு போரிட்டு, கடல் தாண்டிப் பிலிப்பைன்ஸின் மணிலா வரை போய்விட்டது. இது சரியா, தப்பா என்று ஒவ்வொரு கட்டத்திலும் பத்திரிகைப் படங்களில் பெரிய வாக்குவாதமே நடந்திருக்கிறது. அந்தப் படங்களைப் பார்க்கிறவர்களுக்கு வழக்கமாக எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

கார்ட்டூனை வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளலாம். எதற்குச் சான்று என்பதில் மட்டும் கவனம் வேண்டும். பிலிப்பைன்ஸ் மக்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்கு 1899-ஆம் ஆண்டு நியூயார்க் கார்ட்டூன் சான்று ஆகாது. பத்து சென்ட் கொடுத்து வாரப் பத்திரிகை வாங்கிய அமெரிக்கருக்கு அந்த மக்களை எப்படிப் பார்க்கச் சொல்லித்தந்தார்கள் என்பதற்குத்தான் அது சான்று. வரைந்தவர் ஒரு சண்டையில் ஒரு பக்கம் நிற்கிறார். எதிர்ப்பக்கம் என்ன பேசியது என்று தெரியாமல் படத்தை மட்டும் பார்த்தால், தொலைபேசியில் ஒரு முனையின் பேச்சை மட்டும் ஒட்டுக்கேட்ட மாதிரிதான்.

எந்தப் படத்திலிருந்து தொடங்குவது?

1754 மே 9-ஆம் தேதி பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் 'பென்சில்வேனியா கெஜட்' இதழில் வந்த துண்டுபட்ட பாம்பிலிருந்து தொடங்குவது வழக்கம். எட்டுத் துண்டுகள், கீழே 'சேர்ந்திரு, அல்லது செத்துப்போ' என்ற வரி. இது பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போரின் படம் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். தவறு. ஒஹாயோ பள்ளத்தாக்கு யாருக்கு என்று பிரெஞ்சுக்காரர்களோடு தகராறு முற்றியிருந்த நேரம் அது. பிரிட்டிஷ் காலனிகள் ஒன்றுபட்டால்தான் மேற்கே போக முடியும் என்பதே அன்றைய பொருள். பிரிட்டனுக்கு எதிராக அதே பாம்பை எடுத்து ஓட்டியது பிறகு, 1765-லும் 1774-லும்.

துண்டுகளை எண்ணும்போது ஒன்று கவனியுங்கள். நியூ இங்கிலாந்துக் காலனிகள் நான்கும் சேர்ந்து தலை மட்டும்தான். ஜார்ஜியா படத்திலேயே இல்லை.

படத்தில் திரும்பத் திரும்ப வரும் ஆட்கள் யார் யார்?

கோடு போட்ட கால்சட்டை, உயரத் தொப்பி, ஆட்டுத்தாடி என்றால் அங்கிள் சாம், அதாவது அமெரிக்க அரசு. உள்நாட்டுப் போருக்கு முந்தைய படங்களில் இவருக்குப் பதிலாகப் பெரும்பாலும் 'பிரதர் ஜோனதன்' என்ற துடுக்கான இளைஞன் வருவான். தாடியோடு இன்று நாம் அறிந்த உருவம் நிலைபெற்றதில் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'யின் தாமஸ் நாஸ்டுக்குப் பெரும் பங்கு. நீள அங்கி உடுத்திய பெண் கொலம்பியா. அவள் நாட்டின் மனசாட்சி, அல்லது நாட்டின் பெருமை. தொப்பை தள்ளிய பண்ணையார் ஜான் புல், அதாவது இங்கிலாந்து. கழுகு அமெரிக்காவின் சின்னம். அந்த இடத்தில் பிணந்தின்னிக் கழுகு உட்கார்ந்திருந்தால் வரைந்தவர் கோபமாக இருக்கிறார் என்று பொருள்.

ஒரு படத்தை எந்த வரிசையில் படிப்பது?

தேதியும் பத்திரிகைப் பெயரும் முதலில். அவை இல்லாமல் மேற்கொண்டு போகாதீர்கள், ஏனென்றால் இரண்டு வாரம் தள்ளிப்போனாலே பொருள் மாறிவிடும். அடுத்து, படத்துக்குள் இருக்கும் எழுத்தையெல்லாம் படியுங்கள். சட்டைப் பட்டை, புத்தக அட்டை, சுவர்ப் பலகை, கூடை, பாறை என்று எங்கும் பெயர் எழுதியிருப்பார்கள். பிறகு அளவைப் பாருங்கள்: யார் பெரியவர், யார் குட்டி, யார் நிற்கிறார், யார் குந்தியிருக்கிறார். அதன்பின் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். கடைசியாக ஓரங்களும் பின்வரிசையும். படத்தின் கீழ் வரியில் பெயரே வராத ஒருவர் அங்கே இருப்பார்.

கீழ் வரியை முதலில் படித்துவிட்டால் கண் அது சொன்னதை மட்டுமே தேடும். அதனால் அதைக் கடைசிக்கு வைப்பது நல்லது.

இதை ஒரு படத்தில் செய்து காட்ட முடியுமா?

லூயி டால்ரிம்பிள் வரைந்த 'ஸ்கூல் பிகின்ஸ்' படத்தை எடுத்துக்கொள்வோம். 'பக்' வார இதழின் நடுப்பக்கத்தில் 1899 ஜனவரி 25-ஆம் தேதி வந்தது.

அங்கிள் சாம் வாத்தியார். மேசைமேல் 'சுயாட்சியின் முதல் பாடங்கள்' என்ற புத்தகம். முன்பெஞ்சில் கறுத்த நிறத்தில், உர்ரென்ற முகத்தோடு நான்கு பிள்ளைகள்: பிலிப்பைன்ஸ், ஹவாய், போர்ட்டோ ரீக்கோ, கியூபா. அவர்களுக்குப் பின்னால் நன்றாக உடுத்தி, புத்தகமும் கையுமாகச் சமர்த்தாகப் படிக்கும் பெரிய வகுப்பு: கலிபோர்னியா, டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா, அலாஸ்கா. 'பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் படித்தே ஆக வேண்டும். மேல்வகுப்பில் படிக்கிறவர்களைப் பாருங்கள், கொஞ்ச நாளில் நீங்களும் அவர்களைப்போல மகிழ்வீர்கள்' என்கிறார் வாத்தியார்.

இப்போது ஓரங்கள். ஒரு கறுப்பினச் சிறுவன் ஏணியில் நின்று ஜன்னல் துடைக்கிறான். அவனுக்கு இருக்கையே கிடையாது. கதவருகே தனியே உட்கார்ந்திருக்கும் அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளை புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான். வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பது சீனச் சிறுவன். சீனத் தொழிலாளர் வரவை 1882-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். பூர்வகுடிகள் அனைவருக்கும் குடியுரிமை கிடைத்தது 1924-இல். வாத்தியாரின் பேச்சில் இந்த மூவருக்கும் இடமில்லை, படத்திலோ கச்சிதமாக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

அடுத்தது கரும்பலகை. 'ஆளப்படுவோரின் சம்மதம் கொள்கையளவில் நல்லதுதான், நடைமுறையில் அபூர்வம்' என்று தொடங்கி, இங்கிலாந்து தன் காலனிகளைச் சம்மதம் கேட்காமல்தான் ஆண்டது, அதனால்தான் உலக நாகரிகம் வளர்ந்தது என்று போகிறது. அந்தக் காலனிகளில் மிகப் பெரியது எது என்று நமக்குத் தெரியும்.

தேதியை இப்போது மறுபடி பாருங்கள். ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸை 2 கோடி டாலருக்கு வாங்கும் பாரிஸ் ஒப்பந்தம் 1898 டிசம்பர் 10-ஆம் தேதி கையெழுத்தாகி, செனட்டில் விவாதத்தில் இருந்தது. 'ஆளப்படுவோரின் சம்மதம்' என்பது அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் சொல். ஒப்பந்தத்தை எதிர்த்தவர்கள் அதைத்தான் ஓயாமல் சுட்டினார்கள். கரும்பலகை அவர்களுக்கான பதில். படம் வந்த 12-ஆம் நாள், பிப்ரவரி 6-ஆம் தேதி, 57-க்கு 27 என்று ஒப்பந்தம் நிறைவேறியது. மூன்றில் இரண்டு பங்குக்குத் தேவையானதைவிட ஒரே ஒரு வாக்கு கூடுதல்.

இன்னொரு தேதியும் இருக்கிறது. முன்பெஞ்சில் அழுமூஞ்சியாக உட்காரவைக்கப்பட்ட பிலிப்பைன்ஸ், படம் வெளியாவதற்கு இரண்டு நாள் முன்பு, ஜனவரி 23-ஆம் தேதி, மலோலோஸ் நகரில் அரசியல் சாசனத்தோடு தன் குடியரசைத் தொடங்கியிருந்தது. வாத்தியார் சொல்லும் 'கொஞ்ச நாள்' எவ்வளவு என்பதையும் கணக்குப் போடலாம். சமர்த்துப் பிள்ளைகளான அரிசோனாவும் நியூ மெக்சிகோவும் அப்போது மாநிலங்களே அல்ல. மெக்சிகோவிடமிருந்து வந்து அரை நூற்றாண்டு ஆகியும் காத்திருந்தன, 1912-இல்தான் மாநிலமாயின.

இது விரிவாக்கத்தைக் கிண்டல் செய்யும் படம் இல்லையா?

இன்றைய கண்ணுக்கு அப்படித்தான் படும். கரும்பலகை வாசகம் அவ்வளவு வெளிப்படையாக இருப்பதால் கேலி என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தக் காலத்தில் 'பக்' விரிவாக்கத்துக்கு ஆதரவாகத்தான் நின்றது. சந்தேகம் வந்தால் அதே பத்திரிகையின் முன்பின் மாதப் படங்களைச் சேர்த்துப் பாருங்கள். தனிப்படத்தை வைத்து நிலைப்பாட்டைத் தீர்மானிப்பதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் பிழை.

பிரான்சிடமிருந்து லூசியானாவை வாங்கியபோது எப்படி வரைந்தார்கள்?

1803-இல் ஏறக்குறைய 8,28,000 சதுர மைல் நிலம், 1.5 கோடி டாலர். நாடு இரண்டு மடங்கு பெரிதானது. அதற்கு ஈடாகப் படங்கள் வரவில்லை, ஏனென்றால் படம் போடும் வாரப் பத்திரிகையே அப்போது கிடையாது. தனித்தாளாக அச்சடித்து விற்பார்கள். அப்படி வந்த ஒன்று ஜேம்ஸ் எய்க்கினுடையது. அதில் அதிபர் ஜெபர்சன் ஒரு புல்வெளி நாய். மேற்குச் சமவெளியில் வளை தோண்டி வாழும் அணில் இனப் பிராணி அது. நெப்போலியன் தலை கொண்ட குளவி பின்னால் கொட்ட, ஜெபர்சன் பொற்காசுகளாக வாந்தியெடுக்கிறார். எதிரே பிரெஞ்சுத் தூதர் சட்டைப்பையில் புளோரிடா வரைபடத்தோடு ஆடுகிறார். புளோரிடாவுக்காக அடுத்து 20 லட்சம் டாலர் இரகசியமாகக் கைமாறப் போகிறதே என்ற எரிச்சல்தான் படத்தின் பொருள்.

'மேனிஃபெஸ்ட் டெஸ்டினி' என்றால் என்ன? அது படங்களில் எங்கே வருகிறது?

கடலிலிருந்து கடல்வரை கண்டம் முழுவதும் பரவுவது தங்களுக்குக் கடவுள் எழுதிவைத்த விதி என்ற நம்பிக்கை. 1845-இல் ஜான் ஓ'சல்லிவன் நடத்திய 'டெமாக்ரட்டிக் ரிவ்யூ' இதழில் டெக்சாஸ் இணைப்பை ஆதரித்த கட்டுரையில் இந்தச் சொல் வந்தது.

மூன்றே ஆண்டில் கார்ட்டூன்காரர்கள் இதை ஆயுதத்தின்மேல் எழுதிவிட்டார்கள். 1848 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி சார்பில் நின்ற லூயிஸ் கேஸ், உடம்பெல்லாம் பீரங்கியாக, சக்கர வண்டிமேல் உட்கார்ந்திருக்கிறார். கையில் ரத்தம் சொட்டும் வாள். வாளில் 'மேனிஃபெஸ்ட் டெஸ்டினி'. வாயிலிருந்து வரிசையாக ஊர்ப் பெயர்கள்: நியூ மெக்சிகோ, கலிபோர்னியா, யுகட்டான், கியூபா என்று நீள்கிறது. அதே ஆண்டு நதானியேல் கரியர் வெளியிட்ட இன்னொரு படத்தில், எதிர்க்கட்சியான விக் கட்சியின் தளபதி வேட்பாளர் மண்டையோட்டுக் குவியல்மேல் அமர்ந்திருக்கிறார். மெக்சிகோ போரில் வென்ற பெருமை இரண்டு கட்சிக்கும் வேண்டியிருந்தது, ரத்தக்கறையும் இரண்டின்மேலும் விழுந்தது.

அரை நூற்றாண்டு கழித்து, 1898 ஆகஸ்ட் 3-ஆம் தேதி 'பக்' இதழில் இதே சொல் வேறு மாதிரி வருகிறது. அனாதை இல்ல வாசலில் அங்கிள் சாம் திகைத்து நிற்க, 'மேனிஃபெஸ்ட் டெஸ்டினி' என்று எழுதிய இரண்டு கைகள் மட்டும் ஓரத்திலிருந்து நீண்டு, வீரிட்டழும் குழந்தைகள் நிறைந்த கூடையைக் கொடுக்கின்றன. கைக்குச் சொந்தமான ஆளைக் காணோம். போர் தொடுத்துப் பிடித்தது, தானாக வந்து சேர்ந்ததாகிவிட்டது. இந்த ஒரு வித்தையைப் புரிந்துகொண்டால் அந்த ஆண்டின் பாதிப் படங்கள் புரிந்துவிடும்.

வானத்தில் ஒரு பெண் மிதந்துபோகும் படம் இருக்கிறதே, அதுவும் கார்ட்டூனா?

இல்லை. அது ஜான் காஸ்ட் 1872-இல் தீட்டிய 'அமெரிக்கன் பிராக்ரஸ்' ஓவியம். மேற்கே போகும் பயணிகளுக்கு வழிகாட்டி நூல் வெளியிட்ட ஜார்ஜ் குரோஃபட் பணம் கொடுத்துத் தீட்டவைத்தது. வண்ண அச்சுப் பிரதிகளாகப் பரவியதால் பெரிய ஓவியம் என்று நினைக்கிறோம். அசல் சுமார் 13 அங்குலத்துக்கு 17 அங்குலம்தான். கேலி துளியும் இல்லை, சொல்லப்போனால் சுற்றுலா விளம்பரம். ஆனால் படிக்கும் முறை ஒன்றேதான்: வலப்பக்கம் கிழக்கு, வெளிச்சம், ரயில், இடப்பக்கம் மேற்கு, இருட்டு, ஓடும் காட்டெருமைகளும் பூர்வகுடிகளும். பெண்ணின் ஒரு கையில் பள்ளிப் புத்தகம், கூடவே இழுத்துப்போவது தந்திக் கம்பி.

ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை வாங்கியதை எல்லோரும் முட்டாள்தனம் என்று சிரித்தார்களாமே?

எல்லோரும் இல்லை, பல பத்திரிகைகள் ஆதரித்தன. சிரித்த படங்கள் நினைவில் நின்றுவிட்டன, அவ்வளவுதான். 1867 மார்ச் 30-ஆம் தேதி ஒப்பந்தம், 72 லட்சம் டாலர், ஏக்கருக்கு ஏறக்குறைய 2 சென்ட். ஏப்ரல் 20-ஆம் தேதி 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'யில் நாஸ்ட், வெளியுறவு அமைச்சர் சீவர்டைக் கிழவியாக்கி, அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனின் புண்ணில் ரஷ்யக் களிம்பு தடவவைத்தார். 'ஃபிராங்க் லெஸ்லி' இதழில் இருவரும் வண்டியில் பனிப்பாறையைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள், சூடேறிய நாடாளுமன்றத்தைக் குளிர்விக்க. இரண்டிலுமே குறி அலாஸ்கா அல்ல. நாடாளுமன்றத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஜான்சன்தான். அடுத்த ஆண்டு அவர்மேல் பதவிநீக்கக் குற்றச்சாட்டே வந்தது.

பூர்வகுடிகள் பக்கம் நின்று யாரும் வரையவில்லையா?

குறைவு. அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனைப் 'பெரிய தந்தை'யாக, மடியிலும் காலடியிலும் பொம்மை அளவு பூர்வகுடிகளோடு காட்டும் படம் ஒன்று உண்டு. பூர்வகுடிகளை மேற்கே துரத்திய 1830-இன் வெளியேற்றச் சட்டத்துக்குப் பிறகு வந்த குத்தல் அது. நாஸ்ட் 1871-இல் 'நகரு!' என்ற படம் போட்டார்: குடியேறி வந்தவர்களெல்லாம் வாக்குச்சாவடியில் நிற்க, மண்ணின் மைந்தனைப் போலீஸ்காரர் விரட்டுகிறார்.

1898-க்குப் பிறகு திடீரென்று இத்தனை வண்ணப் படங்கள் ஏன்?

ஒரே ஆண்டில் ஹவாய், குவாம், போர்ட்டோ ரீக்கோ, பிலிப்பைன்ஸ் எல்லாம் வந்தது ஒரு காரணம். அச்சுக்கூடம் தயாராக இருந்தது இன்னொரு காரணம்.

நாஸ்ட் காலத்தில் பாக்ஸ்வுட் என்ற மரத்தின் கட்டையில் நேரடியாக வரைந்து செதுக்கினார்கள். அந்த மரம் பெரிதாக வளராது. எனவே சிறு கட்டைகளைத் திருகாணியால் பிணைத்து ஒரு பக்கமாக்கி, வரைந்தபின் பிரித்துப் பல செதுக்கர்களிடம் கொடுத்து, மறுபடி சேர்ப்பார்கள். பழைய படத்தில் நேர்கோடாக ஒரு மெல்லிய வெள்ளைக் கீற்று ஓடினால் அது கிழிசல் அல்ல, கட்டைகள் சேர்ந்த மூட்டு. 'பக்', 'ஜட்ஜ்' என்ற வார இதழ்கள் இரண்டும் வண்ணக் கல்லச்சுக்கு மாறின. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். ஒரு கல் சற்று நகர்ந்தாலும் சிவப்பு கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும், கவனித்தால் தெரியும். 'பக்'கில் பெரிய வண்ணப் படம் முன்னட்டை, பின்னட்டை, நடுப்பக்கம் என்று மூன்று இடங்களில்தான். நேற்றைய செய்திக்கு இன்று வண்ணக் கல்லச்சில் படம் போட முடியாது. அதனால் வார இதழ்கள் நிகழ்ச்சியைவிட வாதத்தைப் படமாக்கின. நாளிதழ்கள் கறுப்புக் கோட்டுச் சித்திரத்தில் அன்றன்றைய சூட்டைக் காட்டின.

அங்கிள் சாம் ஏன் படத்துக்குப் படம் குண்டாகிறார்?

நாட்டின் பரப்பை உடம்பாகக் காட்டுவது இந்த வகையின் அடிப்படை உத்தி. 'பாஸ்டன் குளோப்' 1898 மே 28-ஆம் தேதி அங்கிள் சாமை உணவகத்தில் உட்காரவைத்தது. பரிமாற நிற்பவர் அதிபர் மெக்கின்லி. சுவரில் பட்டியல்: கியூபா மாட்டிறைச்சி, போர்ட்டோ ரீக்கோ பன்றி, பிலிப்பைன்ஸ், ஹவாய். 'எதை முதலில் எடுப்பது என்றுதான் தெரியவில்லை' என்கிறார் விருந்தாளி. மணிலா விரிகுடாவில் ஸ்பெயின் கடற்படை தோற்று நான்கு வாரம்கூட ஆகவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, 1900 செப்டம்பர் 5-ஆம் தேதி 'பக்'கில் ஜே. எஸ். பியூ வரைந்த படத்தில் சாப்பாடு உடம்பில் ஒட்டிவிட்டது. மெக்கின்லி இப்போது தையற்காரர், இடுப்பை அளக்கிறார். கால்சட்டைக் கோடுகளில் லூசியானா முதல் வரிசையாகப் பெயர்கள். விரிவாக்கத்தை எதிர்த்த கார்ல் ஷுர்ஸும் பத்திரிகை அதிபர் புலிட்சரும் உடம்பிளைக்கும் மருந்தை நீட்ட, 'அதை நான் என்றைக்கும் சாப்பிட்டதில்லை, இனிமேலா தொடங்குவேன்' என்கிறார் தடியர். அதிபர் தேர்தலுக்கு இரண்டு மாதம் இருந்தது.

கழுகு ஜோடியையும் சேர்த்துப் பாருங்கள். 1898-இல் 'பிலடெல்பியா பிரஸ்', போர்ட்டோ ரீக்கோவிலிருந்து மணிலா வரை சிறகு விரித்த கழுகை 'முனையிலிருந்து முனைக்குப் பத்தாயிரம் மைல்' என்று பெருமையாகப் போட்டது. மூலையில் நூறாண்டுக்கு முந்தைய குட்டிக் கழுகு. 1904 ஜூனில் பியூவின் கழுகும் பனாமாவிலிருந்து பிலிப்பைன்ஸ் வரை அதே மாதிரி விரிகிறது. ஆனால் இது 'அப்பா, என்ன இழுவை' என்று முனகுகிறது.

கியூபா ஒரு படத்தில் பெண்ணாகவும் இன்னொன்றில் குழந்தையாகவும் வருவது ஏன்?

எப்போது வரைந்தது என்று பாருங்கள், விடை கிடைத்துவிடும். போருக்கு முன்னும் போர் நடந்தபோதும் கியூபா மீட்கப்பட வேண்டிய பெண். 1898 மே 11-ஆம் தேதி 'பக்'கில் டால்ரிம்பிள் அவளை ஸ்பெயினின் கொடுங்கோல் என்ற வாணலியில் நிறுத்தினார். கீழே அராஜகம் என்ற நெருப்பு. போர் முடிந்து ஆறு மாதத்துக்குள் அதே டால்ரிம்பிளின் தூரிகையில் கியூபா முன்பெஞ்சுப் பொடியனாகிவிட்டது. காப்பாற்றக் கிளம்பியபோது நாயகி, காப்பாற்றியபின் விட்டுப்போக மனமில்லாதபோது வளராத பிள்ளை.

ஸ்பெயின் பக்கத்துப் பார்வை வேண்டுமானால் பார்சிலோனாவின் 'லா கம்பானா டி கிராசியா' 1896-லேயே போட்ட படம் இருக்கிறது. கழுகு நகத்தோடு அங்கிள் சாம் கியூபாவைத் தூக்கப் பார்க்கிறார். தீவு தொலைந்துவிடாமல் எடுத்து வைத்துக்கொள்கிறாராம்.

எதிர்ப்புப் படங்கள் எவை? அவை நியாயத்தின் பக்கம் நின்றனவா?

சில நின்றன. மற்றவர்களை ஆள்வது வெள்ளையரின் கடமை என்று சொன்ன, 'வெள்ளையரின் சுமை' என்ற ஆங்கிலக் கவிஞர் கிப்ளிங்கின் கவிதை 1899 பிப்ரவரியில் அமெரிக்காவையும் பிலிப்பைன்ஸையும் குறிப்பிட்டே வந்தது. 'ஜட்ஜ்' ஏப்ரல் 1-ஆம் தேதி விக்டர் கில்லமின் படத்தில் அதை அப்படியே ஏற்றது: ஜான் புல்லும் அங்கிள் சாமும் கூடை சுமந்து பாறைமேல் ஏறுகிறார்கள். ஜான் புல்லின் கூடையில் ஓர் ஆள்மேல் 'இந்தியா' என்று எழுதியிருக்கும், தேடிப் பாருங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பே, மார்ச் 16-ஆம் தேதி, 'லைஃப்' இதழில் வில்லியம் வாக்கர் அந்தத் தலைப்பைத் திருப்பிப்போட்டிருந்தார். அதில் சுமக்கப்படுகிறவர்கள் வெள்ளையர்கள். கீழே நசுங்குகிறவர்கள் காலனி மக்கள்.

மிகக் கடுமையானது ஹோமர் டேவன்போர்ட் 1902 மே 5-ஆம் தேதி 'நியூயார்க் ஈவினிங் ஜர்னல்' நாளிதழில் வரைந்தது. பிலிப்பைன்ஸின் சாமார் தீவில் பத்து வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் கொல்லும்படி தளபதி ஜேக்கப் ஸ்மித் இட்ட ஆணை வெளியே வந்த நேரம். கண்கட்டிய சிறுவர்கள் வரிசையாக நிற்க, சிப்பாய்கள் குறிபார்க்கிறார்கள். மேலே கேடயத்தில் பிணந்தின்னிக் கழுகு. கீழ் வரி: 'பிலிப்பைன்ஸை நாம் எடுப்பதற்குப் பத்தாண்டு முன்பே பிறந்துவிட்ட குற்றவாளிகள்'.

ஆனால் எதிர்த்தவர்கள் எல்லோரும் சமத்துவம் பேசியவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 'இப்படிப்பட்ட மக்களை நம் நாட்டில் சேர்த்துக்கொண்டால் நாம் கெட்டுப்போவோம்' என்பதும் அன்று ஓங்கி ஒலித்த ஓர் எதிர்ப்பு வாதம். பல எதிர்ப்புப் படங்களில் பிலிப்பைன்ஸ்காரர் ஆதரவுப் படங்களைவிட அருவருப்பாக வரையப்பட்டிருக்கிறார்.

அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் தடியோடு வருவது எதனால்?

'மென்மையாகப் பேசு, கையில் பெரிய தடி வைத்துக்கொள்' என்ற வாசகத்தை 1901 செப்டம்பர் 2-ஆம் தேதி மினசோட்டாவில் மேடையில் சொன்னார். அதோடு கார்ட்டூன்காரர்களுக்கு வேலை மிச்சம். 1904-இல் வில்லியம் ஆலன் ராஜர்ஸ் அவரைக் கரீபியன் கடலில் முழங்கால் நீரில் நடக்கவிட்டு, கடன் வசூல் கப்பல்களைக் கயிறுகட்டி இழுக்கவைத்தார். அதே ராஜர்ஸின் 1903 பனாமா படம் இன்னும் கூர்மையானது: ரூஸ்வெல்ட் கால்வாய் வெட்டுகிறார், மண்வெட்டி மண் போய் விழுவது கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டா மேல். பனாமா கொலம்பியாவிலிருந்து பிரிந்தது அந்த நவம்பர் 3. கால்வாய் ஒப்பந்தம் நவம்பர் 18.

நல்ல பிரதிகள் எங்கே கிடைக்கும்? தேடும்போது என்ன தவறுகிறது?

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளம் முதல் இடம். சிறிய ஜேபெக் கோப்பை இறக்காதீர்கள். 'ஸ்கூல் பிகின்ஸ்' கரும்பலகையைப் படிக்க வேண்டுமானால் பெரிய டிஃப் கோப்பு வேண்டும். சமூக ஊடகத்தில் சுற்றும் பிரதிகளில் கீழ் வரியை வெட்டியிருப்பார்கள், சில நேரம் ஓரத்தையும். அந்தப் படத்தில் ஓரத்தை வெட்டினால் சீனச் சிறுவன் போய்விடுவான்.

தேடும்போது அந்தக் கால எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்துங்கள். 1932 வரை அமெரிக்க அரசே 'போர்ட்டோ ரீக்கோ' என்றுதான் எழுதியது; இன்றைய 'புவர்ட்டோ ரீக்கோ' என்று தேடினால் பாதிப் படங்கள் சிக்காது. 'லைஃப்' என்று வந்தால் 1883-இல் தொடங்கிய நகைச்சுவை இதழா, 1936-இல் வந்த புகைப்பட இதழா என்று பாருங்கள். வெளியாகி 95 ஆண்டு கடந்த அமெரிக்கப் படங்களுக்கு அங்கே பதிப்புரிமை கிடையாது, எடுத்துப் பயன்படுத்தலாம்.

கட்டுரையில் எப்படிக் குறிப்பிடுவது? வகுப்பில் காட்டலாமா?

வரைந்தவர், தலைப்பு, பத்திரிகை, முழுத் தேதி, முடிந்தால் அட்டையா நடுப்பக்கமா என்பதும். பிறகு ஒரே வரியில் அந்த வாரம் என்ன முடிவு நிலுவையில் இருந்தது என்று எழுதுங்கள். இந்த ஒரு வரி இல்லாத கட்டுரைகள் பெரும்பாலும் படத்தை வருணித்துவிட்டு முடிந்துபோகின்றன. வகுப்பில் காட்டலாம், ஆனால் இனத்தைப் பழிக்கும் உருவங்கள் வரும் என்று முன்பே சொல்லிவிட்டு, ஆதரவுப் படம் ஒன்றும் எதிர்ப்புப் படம் ஒன்றும் சேர்த்தே காட்டுங்கள்.

தமிழில் விளக்கும்போது எங்கே சிக்கும்?

சிலேடையில். உணவகப் படத்தின் பட்டியலில் ஹவாய் இருப்பது 'சாண்ட்விச் தீவுகள்' என்ற அதன் பழைய பெயரில். பிலிப்பைன்ஸுக்குப் போட்டிருப்பது 'ஃப்ளோட்டிங் ஐலண்ட்ஸ்', அதாவது மிதக்கும் தீவுகள். அது முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துக் கஸ்டர்டில் மிதக்கவிடும் இனிப்பு. இரண்டையும் நேராக மொழிபெயர்த்தால் வெறும் ஊர்ப் பெயராகிவிடும். ஒலியை அப்படியே எழுதி, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் போடுவதே வழி. பீரங்கி உடம்பு லூயிஸ் கேஸும் அப்படித்தான்: பெயர் 'கேஸ்' (Cass), பீரங்கியிலிருந்து வருவதும் 'கேஸ்' (gas), அதாவது வாயு. ஆங்கிலத்தில் எதுகை, தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன.